எஜமானியின் புருஷன்

கெசியா திருடிய பொருள் அவளைவிட வேகமாக ஓடியது. அவள் மாட்டிக்கொண்டதற்கு வேறு காரணமே கிடையாது.

அப்போது அவள் கெசியா கார்லண்ட். க்ளாஸ்டர் சீமையில் நெதர்கூம் என்ற மலையடிவாரக் கிராமம். ரட்ஜ் குடும்பத்தின் மாட்டுப் பண்ணையில் பால் கறந்து, உறைய வைத்து, சீஸ் பிழிகிற வேலை. தங்கைக்குக் கல்யாணம் கூடி வந்தது. விருந்து மேசையில் ஒரு முழு சீஸ் வட்டு இல்லாவிட்டால் பிள்ளை வீட்டார் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். பண்ணை வீட்டுப் பரணிலோ வட்டு வட்டாக அடுக்கி வைத்திருந்தது. எல்லாம் கெசியா உப்புத் தடவி, தினமும் திருப்பிப் போட்டு ஆற வைத்தது. அதில் ஒன்று தனக்குச் சேர வேண்டியதுதான் என்று அவள் முடிவு கட்டினாள். அவள் இடத்தில் நான் இருந்தால் இரண்டு எடுத்திருப்பேன்.

முழு வட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஆண்பிள்ளைக்கே கஷ்டம். அதனால் அந்தி சாய்கிற நேரத்தில் அதைப் பின்வாசல் வழியாக இறக்கி, மேட்டுப் பாதையில் செங்குத்தாக நிறுத்தி, கையால் தள்ளிக்கொண்டே போனாள். முதல் வளைவுவரை சீஸ் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்புறம் சரிவு வந்தது. கைநழுவிய வட்டு துள்ளித் துள்ளி இறங்க, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னால் ஓட, கீழே ஜெபம் முடிந்து சனமெல்லாம் சர்ச்சைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. வட்டு பாதிரியாரின் காலை உரசிக்கொண்டு போய் வேலியில் மோதிச் சாய்ந்தது. அதன் தலையில் ரட்ஜ் பண்ணையின் முத்திரை. பக்கத்திலேயே ரட்ஜ் அம்மாள் ஜெபப் புத்தகத்தோடு நின்றிருந்தாள்.

ஏழு வருஷம் நாடு கடத்தல் என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கப்பலில் மற்றப் பெண்கள் கீழ்த்தளத்தில் குமட்டிக்கொண்டு கிடந்தபோது, கெசியா மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். மாலுமிகளின் ஆடு யாரையும் மடியைத் தொட விடவில்லை, இவளை விட்டது. ஆட்டின் தயவில் சிட்னிவரை வந்து, அங்கிருந்து வண்டியில் எங்கள் வின்ட்ஸருக்கு வந்து சேர்ந்தாள். ஆற்றங்கரையில் சோளம் ஆளுயரம் நின்றது. பீச் மரங்களின் கீழே பழம் மிதிபட்டு, பன்றிகளுக்கே திகட்டிப்போய்க் கிடந்தது. பிறந்த ஊரில் இவ்வளவு பழத்தை அவள் கனவில்கூடக் கண்டதில்லை. இந்த ஆற்றுக்கும் கரைக்கும் முன்பே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்களிடமிருந்து ஆற்றையே எடுத்துக்கொண்டவர்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சீஸை எடுத்தவள் அவர்கள் வீட்டு மாட்டைக் கறந்தாள். உலகம் அப்படித்தான்.

ஏழு வருஷமும் மற்றவர் வீட்டில் உழைத்துத் தீர்ந்தது. விடுதலைப் பத்திரம் கைக்கு வந்த வருஷமே சவுத் க்ரீக் கரையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மாடு பிடித்து, சீஸ் போட ஆரம்பித்தாள். சந்தைக்கு அவள் வண்டி வந்தால் அதிகாரிகள் வீட்டுச் சமையல்காரிகள்கூட முண்டியடிப்பார்கள். முப்பது வயதில், எழுதப் படிக்கத் தெரியாமல், ஒருத்தியாக நின்று அவ்வளவு செய்தாள். வாயும் அதற்குத் தக்கபடி வளர்ந்திருந்தது.

வின்ட்ஸரில் யாரிடமும் எதையும் கேட்கலாம். உன் குழந்தைக்கு அப்பன் யார் என்றுகூடக் கேட்கலாம், பதில் வரும். எதற்காக உன்னை இங்கே அனுப்பினார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. பத்து வீட்டில் எட்டு வீடு அப்படி வந்ததுதான் என்பதால், அந்த ஒரு மரியாதையை எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். தானாகச் சொல்கிறவர்கள் யாரும் உள்ளதைச் சொன்னதில்லை. கைக்குட்டை எடுத்தவன் வழிப்பறிக்காரனாகிவிடுவான், கோழி பிடித்தவன் குதிரை ஓட்டிக்கொண்டு போனதாகச் சொல்வான். சின்னத் திருட்டுக்கு இவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லத்தான் எல்லோருக்கும் வெட்கம். கெசியாவும் ஒரு பிரபு வீட்டு வெள்ளி விளக்குத் தண்டுகள் என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொல்லி வைத்தாள். ஊர் அதை நம்பியது. அதிலிருந்து அவள் நடையிலேயே ஒரு மிடுக்கு ஏறிவிட்டது.

ஏனோக் ஸ்டப்ஸ் இதற்கெல்லாம் நேர் எதிர். பீப்பாய் செய்கிறவன், பக்கத்துப் பண்ணையில் கைதி வேலைக்காரன், பதினாலு வருஷத் தண்டனை. வெண்ணெய் கடைகிற பீப்பாய்க்குப் பட்டை மாற்ற கெசியா வீட்டுக்கு வந்தவன், யாரும் கேட்காமலேயே தன் கதையைச் சொன்னான். அவன் திருடியது ஒரு கிடா. மந்தைக்கு முன்னால் நடக்கிற கிடா, கழுத்தில் மணி கட்டியது. மணியைக் கழற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஊர் நடுவே கிணிகிணி என்று அதை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். கெசியா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வேறு யாரிடமும் சொல்லாத அந்தச் சீஸ் கதையை அவனிடம் சொல்லியிருந்தாள். இப்படிப்பட்ட இரண்டு திருடர்களை வேறு யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்றான் அவன்.

கைதிக்குக் கல்யாணம் செய்ய கவர்னரின் அனுமதி வேண்டும். அது வந்தது. சர்ச்சில் பாதிரியார் முன்னால், உயிர் உள்ளவரை கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்று கெசியா சத்தியம் செய்தாள். அங்கிருந்து நேராக நீதிபதியின் கச்சேரிக்குப் போனார்கள். அங்கே, ஏனோக் ஸ்டப்ஸ் என்னும் கைதி இன்று முதல் கெசியா ஸ்டப்ஸுக்கு வேலைக்காரனாக ஒப்படைக்கப்படுகிறான், அவள் சொல்லுக்கு அவன் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். இதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. விடுதலையான பெண்ணைக் கட்டிய கைதிகள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அவனுக்கு வருஷத்துக்கு இரண்டு ஜோடி உடுப்பு கொடுக்க வேண்டியது அவள் பொறுப்பு. அவன் ஊர் எல்லை தாண்டினால் அவளுடைய அனுமதிச் சீட்டு வேண்டும். அவளுக்கு எழுதத் தெரியாது என்பதால் அவன் தனக்குத் தானே சீட்டு எழுதி நீட்டுவான், அவள் பெருக்கல் குறி போடுவாள்.

"எசமானியம்மா, ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டு வர அடியேனுக்கு உத்தரவு உண்டா?" என்பான்.

"பொழுதோட வந்து சேரு. இல்ல, சவுக்கடி" என்பாள் அவள்.

இப்படி ஆறு வருஷம் சிரிப்பும் சண்டையுமாக ஓடியது. குழந்தை இல்லை. அந்தக் குறையைக் கன்றுக்குட்டிகள் பாதி தீர்த்தன.

ஆறு வருஷம் ஒழுங்காக இருந்த பதினாலு வருஷக் கைதிக்கு நன்னடத்தைச் சீட்டு கிடைக்கும். அது கையில் இருந்தால் தண்டனை முடியாவிட்டாலும் யாருக்கும் வேலைக்காரனாக இருக்க வேண்டாம். மாவட்டத்துக்குள் இஷ்டப்பட்ட இடத்தில் குடியிருக்கலாம், இஷ்டப்பட்ட தொழில் செய்யலாம். ஆனால் எஜமான் கையெழுத்தோ குறியோ வைத்துச் சிபாரிசு செய்தால்தான் மனுவே சிட்னிக்குப் போகும். ஏனோக் மனுவை எழுதி அலமாரியில் வைத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்குக் கன்று போடுகிற நேரம், நாளைக்கு வெள்ளம் வருகிற நேரம் என்று கெசியா தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு பெருக்கல் குறி போட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவனும் கேட்டுப் பார்த்தான். அவள் மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டாள்.

அவளைப் பிடித்து ஆட்டியது பயம்தான். அரசாங்கம் எழுதிக் கொடுத்ததால் இவன் என்னோடு இருக்கிறான், எழுத்து போனால் இருப்பானா என்ற கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஏனோக்குக்குக் கைத்தொழில் உண்டு, சிரித்த முகம் உண்டு, எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான். அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

அந்த வருஷம் பீச் காய்ப்பு மரம் தாங்கவில்லை. ஏனோக் பழத்தைப் பிழிந்து, பீப்பாயில் புளிக்க வைத்து, பீச் கள் போட்டான். முதல் பீப்பாயைத் திறக்கிற சனிக்கிழமை மத்தியானம் அக்கம்பக்கத்தார் எல்லோரும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். எப்சிபாவும் வந்திருந்தாள். எப்சிபா எங்கள் ஊர் மருத்துவச்சி, கெசியாவின் உற்ற தோழி, வயிறு நிறையச் சிரிக்கிறவள். நாலு குவளை உள்ளே போனதும், இந்த மாச மனுக்கள் அடுத்த வாரம் சிட்னிக்குப் போகின்றனவாம், இன்றைக்காவது அந்தக் குறியைப் போடு என்று ஏனோக் எல்லோர் முன்னிலையிலும் கேட்டான். அப்புறம் பார்க்கலாம் என்றாள். அவன் விடவில்லை, இரண்டாம் முறை கேட்டான்.

"நான் எப்பச் சொல்றேனோ அப்பத்தான்" என்றாள் கெசியா. "நீ எம்பேருக்கு எழுதிக் குடுத்த ஆளு. ஞாபகம் இருக்கட்டும்."

 அவள் அந்த வார்த்தையை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஏனோக்கின் முகம் சிவந்தது. குவளையைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் எஜமானி யார் தெரியுமா, ஒரு சீஸை ஒழுங்காகத் திருடத் தெரியாதவள் என்று ஆரம்பித்தான். மேட்டுப் பாதை, சரிவு, பாவாடை, பாதிரியார் கால், ரட்ஜ் அம்மாள், ஒன்றுவிடாமல் சொன்னான். நன்றாகவும் சொன்னான், பாவி. ஜனம் சிரித்துப் புரண்டது. எப்சிபா மரத்தைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளி விளக்குத் தண்டுகள் அன்றோடு போயின.

 கெசியா முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசல் கதவைத் திறந்தாள். எங்கே போகிறாள் என்று ஏனோக்குக்குப் புரிந்துவிட்டது. "கெசியா, போகாதே" என்றான். அவள் போனாள். நேராகக் கான்ஸ்டபிள் டக்கட்டிடம் போய், என் கைதி வேலைக்காரன் என்னை அவமரியாதையாகப் பேசினான், பிடித்து உள்ளே வை என்றாள்.

ஒரு ராத்திரி லாக்கப்பில் கிடந்தால் வாய்க்கொழுப்பு அடங்கும், காலையில் போய் அழைத்து வந்துவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. பழைய நீதிபதி இருந்தவரை அப்படித்தான் நடக்கும். அவர் போய் கேப்டன் பாஸ்காம் வந்திருந்ததை அவள் கோபத்தில் மறந்துவிட்டாள். வேறு ஊரில் புருஷனோடு சண்டை போட்ட பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போவாள். எங்கள் ஊரில் அம்மா வீடு கடலுக்கு அந்தப் பக்கம், கான்ஸ்டபிள் வீடு தெருமுனையில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பீச் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு லாக்கப்புக்குப் போனாள். டக்கட் கதவைத் திறக்கவில்லை. புகார் கேப்டனிடம் போய்விட்டது, எஜமானை எதிர்த்துப் பேசுகிற கைதிக்கு ஒரு பாடம் காட்ட வேண்டும் என்று அவர் காத்துக்கொண்டிருக்கிறார், திங்கட்கிழமை விசாரணை என்றான். குற்றம் நிரூபணம் ஆனால் ஏனோக்கை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும், காலில் விலங்கு பூட்டி மலை ரோடு போடுகிற கும்பலுக்கு அனுப்பும். நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள் கெசியா. பொய்ப் புகார் கொடுத்த எஜமானிக்குக் கைதி வைத்துக்கொள்ளும் தகுதி கிடையாது, அப்போதும் அவனை எடுத்து வேறு பண்ணைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றான் டக்கட். அவன் கெட்டவன் இல்லை. சட்டத்தை அப்படியே ஒப்பிக்கிறவன், அவ்வளவுதான்.

உண்மை சொன்னாலும் அவனை இழப்பாள், பொய் சொன்னாலும் இழப்பாள். எது நடக்கக் கூடாது என்று ஒரு வருஷமாகக் குறி போடாமல் இருந்தாளோ, அதைத் தன் காலாலேயே நடந்து போய் வரவழைத்திருக்கிறாள்.

கம்பி வழியாகக் கேக்கை நீட்டினாள். ஏனோக் வாங்கிக் கடித்தான்.

"இனிப்பு கம்மி" என்றான்.

"தின்னுட்டுப் பேசு. உன்னை மலை ரோட்டுக்கு அனுப்பப் போறாங்களாம்."

"யாரு எழுதிக் குடுத்ததாம்?"

"நான்தான்."

"அப்ப கொஞ்சம் சக்கர கூடவே போட்டிருக்கலாம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவன் கேக்கைத் தின்று முடித்தான், விரலைத் துடைத்துக்கொண்டான். எல்லார் முன்னாலும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, தப்புதான் என்றான். அப்புறம் கம்பிக்குப் பக்கத்தில் வந்து, "ஒண்ணு மட்டும் சொல்லு. வருஷம் ஒண்ணாச்சு, ஏன் அதுல கை வைக்கல?" என்று கேட்டான். டக்கட் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள். டக்கட் அப்போது பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

நேரே எப்சிபா வீட்டுக்குத்தான் போனாள். எப்சிபா அவளைக் கண்டதும், சீஸ் கதைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை சிரித்தாள். விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அந்தக் கேப்டனைப் பற்றி எப்சிபாவுக்கு நன்றாகத் தெரியும். போன மாசம்தான் அவள் புருஷன் குடித்துவிட்டு அடுப்பை உதைத்த வழக்கில், இவளையே நிறுத்தி வைத்துப் பிரசங்கம் செய்திருந்தார். சர்ச்சில் கடவுள் முன்னால் கீழ்ப்படிவேன் என்று சத்தியம் செய்த பெண் புருஷனை எதிர்த்து வாய் திறப்பது பாவமாம், அந்தச் சத்தியம் கவர்னர் போடுகிற எந்தக் கையெழுத்துக்கும் மேலானதாம். எப்சிபா ஒவ்வொரு வார்த்தையையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் காட்டினாள். கெசியா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். கவர்னர் என்ற இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

திங்கட்கிழமை கச்சேரியில் ஈ நுழைய இடமில்லை. அறுவடையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஏனோக் கூண்டில் நின்றான், சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டிருந்தான். கேப்டன் பாஸ்காம் மூக்குக் கண்ணாடி வழியாகப் புகாரைப் படித்துவிட்டு, கைதி சொன்ன அவமரியாதையான வார்த்தைகள் என்ன என்று கேட்டார்.

சொல்லாமல் தப்ப முடியாது. தான் எதற்காகக் கப்பலேறினாள் என்பதைக் கெசியா தன் வாயாலேயே ஊருக்கு முன்னால் சொன்னாள். சனிக்கிழமை முற்றத்தில் இல்லாதவர்களும் அன்று கேட்டுக்கொண்டார்கள். சர்ச் வாசல் வந்தபோது குமாஸ்தாவின் தோள் குலுங்கியது. விளக்குத் தண்டு பொய் என்பதையும் அவளே சேர்த்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கூட்டம் சிரித்த சிரிப்பில் கேலி இல்லை. கோழி பிடித்தவர்களும் கைக்குட்டை எடுத்தவர்களும்தான் அங்கே நிறைய இருந்தார்கள். அவளுக்கே என்னமோ நெஞ்சு லேசானது மாதிரி இருந்தது.

அப்படியானால் அவமரியாதை நடந்திருக்கிறது என்று கேப்டன் பேனாவை எடுத்தார்.

"துரை, ஒரு தப்பு நடந்திருக்கு. அது என் தப்பு" என்றாள் கெசியா. "அவருக்குக் கீழ்ப்படிவேன்னு கடவுள் முன்னால சத்தியம் பண்ணினவ நான். போகாதேன்னு அவரு சொன்னாரு. சொன்னதை எல்லாரும் கேட்டாங்க. அதையும் மீறி டக்கட் கிட்டப் போனேன். அந்தச் சத்தியம் கவர்னர் கையெழுத்துக்கும் மேலன்னு துரையே இந்த எடத்துல சொல்லியிருக்கீங்க. புருஷன் பேச்சை மீறிக் குடுத்த புகாரு எப்படி துரை செல்லும்?"

எப்சிபா முன்வரிசையில் நின்று, ஆமாம், எனக்குத்தான் சொன்னார் என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். தன் பிரசங்கமே தன் காலைச் சுற்றிக்கொண்டது அவருக்குத் தெரிந்தது. இல்லை என்று சொன்னால் கடவுளைவிடக் கவர்னர் பெரியவர் என்று ஆகும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு முதல் பெஞ்சில் உட்காருவது? கூண்டுப் பக்கம் திரும்பினார்.

"ஏனோக் ஸ்டப்ஸ், புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி உன் பெண்டாட்டிக்குக் கட்டளை போடறயா?"

ஏனோக் கெசியாவைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்குப் போட்ட கட்டளை என்று ஒன்றும் கிடையாது. சனிக்கிழமைதான் ஒன்று போட்டான், அதையும் அவள் கேட்கவில்லை.

"எசமானியம்மா உத்தரவு குடுத்தா போடறேன், துரை" என்றான்.

கூட்டம் வெடித்தது. டக்கட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். குமாஸ்தா பேனாவை மைக்கூட்டுக்கு வெளியே தோய்த்தான். கேப்டன் முதலில் முறைத்தார், உதட்டைக் கடித்தார், கடைசியில் அவர் மீசையும் துடித்துவிட்டது.

"உத்தரவு. போடு" என்றாள் கெசியா.

"புகாரை வாங்கிக்கோ, கெசியா."

"வாங்கிக்கிட்டேன்."

வழக்குத் தள்ளுபடி என்று கேப்டன் மேசையைத் தட்டினார். இனிமேல் சமையலறைச் சண்டைகளைக் கச்சேரிக்குக் கொண்டு வருகிறவர்களைச் சும்மா விடப் போவதில்லை என்று தன் கௌரவத்துக்காக நாலு வார்த்தை சொன்னார். அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏனோக் கூண்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். கெசியா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவன் நேற்றுக் கம்பிக்குள்ளிருந்து கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்படியே அவனை அழைத்துக்கொண்டு போனால் மறுபடியும் எழுத்தைக் காட்டிக் கட்டி வைத்தவள் ஆவாள். அவன் பக்கத்தில் இருப்பான், அவன் யாருக்காக இருக்கிறான் என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள். இந்தச் சண்டை சீஸால் வந்தது இல்லை, அவனுடைய நன்னடத்தைச் சீட்டால் வந்தது, ஒரு வருஷமாகத் தான்தான் கை வைக்காமல் இழுத்தடித்தாள் என்று சொன்னாள். ஏன் என்று கேப்டன் கேட்டார். ஏனோக் படியில் அப்படியே நின்றான்.

"சீட்டு கெடச்சா அவன் இஷ்டப்பட்ட எடத்துல இருக்கலாம், துரை. இப்ப அரசாங்கம் எழுதிக் குடுத்ததால எங்கூட இருக்கான். எழுத்து இல்லாட்டி இருப்பானான்னு எனக்குத் தெரியல. கேக்கவும் பயம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மனுவைக் குடுங்க. கை வைக்கிறேன்."

அலமாரியில் இருந்த மனுவை அவள் காலையிலேயே இடுப்பில் செருகிக் கொண்டு வந்திருப்பாள் என்று நினைத்தால் தப்பு. அவளுக்கு அந்த யோசனையே அப்போதுதான் வந்தது. குமாஸ்தா புதுக் காகிதம் எடுத்து எழுதினான். பேர், கப்பல், தண்டனை, தொழில் எல்லாம் எழுதி முடித்துப் பேனாவை அவளிடம் கொடுத்தான். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்தி, பெருக்கல் குறியைப் போட்டாள். கேப்டன் அதன் கீழே கையெழுத்துப் போடப் போனார். குமாஸ்தா ஒரு இடம் காலியாக இருப்பதாகச் சொல்லி ஏனோக்கைப் பார்த்தான். சீட்டு கிடைத்ததும் எங்கே குடியிருப்பான் என்பதை மனுதாரரே சொல்ல வேண்டும்.

எங்கே இருக்கப் போகிறாய் என்று ஏனோக்கை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஜெயிலில் போட்டார்கள், கப்பலில் ஏற்றினார்கள், பண்ணைக்கு அனுப்பினார்கள், பெண்டாட்டி பேருக்கு எழுதினார்கள். அவன் இரண்டு கையையும் கூண்டின் கட்டையில் ஊன்றிக்கொண்டு யோசித்தான். மாவட்டம் முழுக்க அவனுக்குத் திறந்து கிடந்தது. கெசியா தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"எம் பொண்டாட்டி கிட்ட" என்றான் ஏனோக்.

ஆள் பேர் வேண்டாம், இடத்தின் பேரைச் சொல் என்றான் குமாஸ்தா.

"எனக்கு அது ஒண்ணுதான்யா தெரியும். நீ எதையாவது எழுதிக்கோ."

கெசியா அப்போதுதான் அழுதாள். கப்பலேறிய அன்றுகூட அப்படி அழாதவள், கச்சேரி நடுவே நின்று, முகத்தை மூடாமல், குழந்தை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். ஏனோக் படியிறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான். அமைதி, அமைதி என்று கேப்டன் மேசையைத் தட்டினார். அவள் காதில் அது விழவில்லை. குமாஸ்தா சவுத் க்ரீக் என்று எழுதி மை ஒற்றினான்.